யாரைப் பார்த்தார், யாரைத் தாண்டிப் போனார்: டேட்டிங் தரவை வைத்துச் சமூகத்தைப் படிப்பது

ஒரு நாட்டின் திருமணப் பதிவேட்டை எடுத்து வரிசையாகப் படித்தால் ஒரு விஷயம் சீக்கிரமே கண்ணில் படும். பட்டம் பெற்றவர்கள் பெரும்பாலும் பட்டம் பெற்றவர்களையே மணக்கிறார்கள். வயது அருகருகே இருக்கிறது. மதம், இனம், குடும்ப வசதி என்று எதை எடுத்தாலும் ஏறக்குறைய இதே கதைதான். 'இனம் இனத்தோடே, வெள்ளாடு தன்னோடே' என்ற பழமொழியை யாரோ எண்களில் எழுதி வைத்ததுபோல இருக்கும்.

சமூகவியலாளர்கள் இதைப் பல பத்தாண்டுகளாக அளந்து வருகிறார்கள். அளப்பது எளிது. ஏன் இப்படி நடக்கிறது என்று கேட்டால்தான் சிக்கல். இரண்டு பதில்கள் உண்டு. மக்கள் தங்களைப் போன்றவர்களை விரும்புகிறார்கள் என்பது ஒன்று. இன்னொன்று, அவர்கள் தங்களைப் போன்றவர்களை மட்டுமே சந்திக்கிறார்கள் என்பது. ஒரே பல்கலைக்கழகம், ஒரே அலுவலகம், ஒரே தெரு, ஒரே நண்பர் வட்டம். அங்கே வேறு மாதிரியான ஆள் கண்ணிலேயே படாதபோது, அவரை இவர் விரும்பியிருப்பாரா, மாட்டாரா என்று யாரால் சொல்ல முடியும்?

முதல் பதில் விருப்பம் பற்றியது, இரண்டாவது வாய்ப்பு பற்றியது. சமுதாயத்தில் உள்ள பிரிவினைகளைப் புரிந்துகொள்ள இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பது மிக முக்கியம். பிரிவினைக்குக் காரணம் வாய்ப்புதான் என்றால், பள்ளிகளையும் குடியிருப்புகளையும் கலந்து அமைத்தாலே நிலைமை மாறும். விருப்பம்தான் காரணம் என்றால் அது போதாது. ஆனால் திருமணப் பதிவேட்டில் இருப்பது கதையின் கடைசிப் பக்கம் மட்டும்தான். யாரோடு யார் சேர்ந்தார்கள் என்று அது சொல்லும். யாரைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று நகர்ந்தார்கள் என்று சொல்லாது.

டேட்டிங் தளங்களின் தரவு ஆய்வாளர்களுக்குப் பொக்கிஷமாகத் தெரிவது இதனால்தான். அங்கே 'வேண்டாம்' என்பதும் பதிவாகிறது.

சரி, அந்தத் தரவில் என்னதான் இருக்கிறது? ஒருவர் தன்னைப் பற்றி எழுதிக் கொடுத்தவை முதல் வகை: வயது, உயரம், படிப்பு, வேலை, படங்கள், எப்படிப்பட்டவரைத் தேடுகிறேன் என்ற விவரம். இதைத்தான் புரொஃபைல் என்கிறோம். அவர் அங்கே செய்தவை இரண்டாவது வகை. யார் பக்கத்தைத் திறந்தார், வேண்டும், வேண்டாம் என்று விரலால் எந்தப் பக்கம் தள்ளினார் (ஸ்வைப்), யாருக்கு முதல் செய்தி அனுப்பினார், யாருக்குப் பதில் போட்டார், எத்தனை மணிக்கு. இவை சர்வரில் தானாகவே வரிசையாகச் சேர்ந்துகொண்டிருக்கும். இந்தப் பதிவு வரிசைக்குப் பெயர் லாக்.

ஆய்வாளரின் கண் முக்கியமாக இந்த இரண்டாவது வகைமேல்தான் இருக்கும். எப்படிப்பட்ட துணை வேண்டும் என்று சர்வேயில் கேட்டால் எல்லோரும் நல்லவர்களாகவே பதில் சொல்வார்கள். அன்பானவர், நகைச்சுவை உணர்வுள்ளவர், இனம் ஒரு பொருட்டில்லை, வருமானம் முக்கியமில்லை. பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்து இப்படிச் சொல்வதில்லை. தங்களைப் பற்றி அப்படித்தான் நம்புகிறார்கள். லாக்கில் தெரிவது அந்த நம்பிக்கைக்கும் கைவிரலுக்கும் இடையே உள்ள தூரம்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். இது நான் கற்பனையாக எடுத்துக்கொண்ட எண்கள்தான். ஒருவர் ஒரு வாரத்தில் 200 புரொஃபைல்களைப் பார்க்கிறார். 30 பேருக்குச் செய்தி அனுப்புகிறார். அந்த 30 பேரில் 24 பேர் பட்டதாரிகள். அதாவது 80 சதவீதம். "பாருங்கள், இவருக்குப் பட்டதாரிகள்தான் வேண்டும்" என்று சொல்லத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். அவர் பார்த்த 200 பேரில் 150 பேர் பட்டதாரிகள் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் பார்த்த பட்டதாரிகளில் 16 சதவீதம் பேருக்கு எழுதியிருக்கிறார். மீதி 50 பேரில் 6 பேருக்கு, அதாவது 12 சதவீதம் பேருக்கு எழுதியிருக்கிறார். பதினாறுக்கும் பன்னிரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறதுதான். ஆனால் எண்பது என்ற எண் முதலில் காட்டிய அளவுக்கு இல்லை. கண்ணில் பட்டவர்களே பெரும்பாலும் பட்டதாரிகள் என்பதுதான் அந்த எண்பதில் பெரும்பங்கு.

இந்தக் கணக்கில் உயிரான எண் 200. வகுத்தலில் கீழே நிற்கும் 150-உம் 50-உம் அதைப் பிரித்து வந்தவைதான். பதிவேடுகளிலோ சர்வேக்களிலோ அது கிடைக்காது. டேட்டிங் லாக்கில் கிடைக்கும். இந்த ஒன்று மனதில் பதிந்தால் இந்தத் துறையின் பாதி ஆய்வுகள் உங்களுக்குப் புரிந்துவிடும்.

மூன்று ஆய்வுகள்

இந்த வழியில் ஆரம்ப காலத்தில் வந்த பெயர்பெற்ற ஆய்வு குந்தர் ஹிட்ச், அலி ஹொர்டாச்சு, டான் ஏரியலி ஆகியோருடையது. 2010-ல் வெளியானது. பாஸ்டன், சான் டியேகோ நகரங்களில் ஒரு டேட்டிங் தளத்தைப் பயன்படுத்தியவர்கள் 2003-ல் செய்ததை எடுத்து ஆராய்ந்தார்கள். யார் யாருடைய பக்கத்தைப் பார்த்தபின் எழுதினார், எழுதாமல் விட்டார் என்பதிலிருந்து ஒவ்வொரு வகை மனிதரின் விருப்பத்தையும் கணக்கிட்டார்கள். பிறகு அழகான ஒரு காரியம் செய்தார்கள். டேவிட் கேல், லாயிட் ஷேப்லி என்ற இரு கணித அறிஞர்கள் 1962-ல் ஒரு முறையை வகுத்திருந்தார்கள். இரு தரப்பினரின் விருப்பப் பட்டியல்களையும் கொடுத்துவிட்டால், தங்கள் ஜோடிகளை விட்டு ஒருவரோடொருவர் ஓடிப்போக விரும்பும் இருவர் யாரும் இல்லாதபடி நிலையான ஜோடிகளை அது அமைத்துத் தரும். கணக்கிட்ட விருப்பங்களை அந்த முறைக்குள் போட்டுப் பார்த்தபோது கிடைத்த ஜோடிகள், அந்தத் தளத்தில் உண்மையில் பேசிப் பழகிய ஜோடிகளைப் பெரிதும் ஒத்திருந்தன. நிஜத் திருமணங்களில் காணும் 'ஒத்தவரோடு ஒத்தவர்' போக்கும் அதில் தெரிந்தது. ஆனால் படிப்பு போன்ற சிலவற்றில் நிஜத் திருமணங்களில் அந்தப் போக்கு இன்னும் அழுத்தமாக இருந்தது. விருப்பம் நிறையச் செய்கிறது, மிச்சத்தை யார் யாரைச் சந்திக்கிறார்கள் என்பது செய்கிறது. தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு எண்களோடு கிடைத்த முதல் பதில்களில் இதுவும் ஒன்று.

என் மனதுக்கு மிக நெருக்கமான ஆய்வு அடுத்தது. கெவின் லூயிஸ் என்ற சமூகவியலாளர் 2013-ல் வெளியிட்டார். ஓகேகியூபிட் என்ற டேட்டிங் தளத்தில் அமெரிக்கப் பயனர்கள் 1,26,134 பேர் இரண்டரை மாதத்தில் யாருக்கு எழுதினார்கள், யாருக்குப் பதில் சொன்னார்கள் என்று பார்த்தார். முதல் செய்தியை அனுப்பும்போது மக்கள் பெரும்பாலும் தங்கள் இனத்தவரையே தேர்ந்தெடுத்தார்கள். இது யாருக்கும் ஆச்சரியம் தராது. ஆனால் பதில் சொல்லும் கட்டத்தில் படம் வேறாக இருந்தது. வேறு இனத்தவர் ஒருவர் தாமாக முன்வந்து எழுதியபோது, முதல் கட்டத்தை வைத்து எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகவே பலர் பதில் எழுதினார்கள். அதோடு நிற்கவில்லை. அப்படிப் பதில் எழுதியவர்கள் அதன்பின் தாங்களாகவும் வேற்று இனத்தவருக்கு எழுதுவது கூடியது. அந்த மாற்றம் நீண்ட நாள் நிலைக்கவில்லை என்பதும் உண்மை.

இதற்கு லூயிஸ் தரும் விளக்கத்தைக் கவனியுங்கள். வேறு இனத்தவருக்கு எழுதாமல் இருப்பதெல்லாம் வெறுப்பினால் மட்டும் அல்ல. "எப்படியும் அவர் என்னைத் திரும்பிப் பார்க்கப் போவதில்லை" என்று முன்கூட்டியே முடிவு கட்டிவிடுவதும் ஒரு காரணமாக இருக்கலாம். தள்ளிவிடுவார்கள் என்ற பயத்தில் நாமே முதலில் ஒதுங்கிக்கொள்கிறோம். இரு தரப்பும் இப்படி ஒதுங்கினால் நடுவில் ஒரு சுவர் எழும்பிவிடும், அதை யாரும் வேண்டுமென்று கட்டியிருக்க மாட்டார்கள். திருமணப் பதிவேட்டில் பார்த்தால் வெறுப்பினால் எழுந்த சுவரும் பயத்தினால் எழுந்த சுவரும் ஒரே மாதிரிதான் தெரியும். யார் முதலில் எழுதினார், யார் பதில் சொன்னார் என்று தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கும் தரவு இருந்ததால்தான் இந்த வேறுபாடு வெளியே வந்தது. மனிதர்களைப் பற்றி இப்படி நம்பிக்கை தரும் ஒரு செய்தி, லட்சக்கணக்கான வரிகள் கொண்ட ஒரு லாக்கிலிருந்து கிடைத்திருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

மூன்றாவது, எலிசபெத் புரூச், மார்க் நியூமன் இருவரும் 2018-ல் வெளியிட்டது. நியூயார்க், பாஸ்டன், சிகாகோ, சியாட்டில் ஆகிய நான்கு நகரங்களில் 2014 ஜனவரி மாதத்துச் செய்திப் பரிமாற்றங்களை எடுத்துக்கொண்டார்கள். ஒருவருக்கு எவ்வளவு மதிப்பு என்பதை எப்படி அளப்பது? வெறுமனே வந்த செய்திகளை எண்ணினால் போதாது என்று நினைத்தார்கள். பலரும் நாடும் ஒருவர் உங்களுக்கு எழுதினால் அதற்கு எடை அதிகம். கூகுள் தேடலில் இணையப் பக்கங்களை வரிசைப்படுத்த உருவான பேஜ்ரேங்க் முறையும் இதே தர்க்கத்தில்தான் நடக்கிறது, எனவே அதையே எடுத்து மனிதர்கள்மேல் வைத்துப் பார்த்தார்கள். பெரும்பாலோர் தங்களைவிடச் சுமார் 25 சதவீதம் மேலே உள்ளவர்களுக்கு எழுதுகிறார்கள் என்று தெரிந்தது. எட்டிப் பிடிக்க முடியுமா என்று ஒரு முயற்சி. இடைவெளி கூடக்கூடப் பதில் கிடைக்கும் வாய்ப்பு குறைந்தது. மேலே உள்ளவர்களுக்கு எழுதும்போது பலர் நீளமாக எழுதினார்கள். அந்த உழைப்புக்குப் பெரும்பாலும் பலன் இல்லை. அந்த ஒரு மாதத்தில் மிக அதிகச் செய்திகள் வந்தது நியூயார்க்கில் 30 வயதுப் பெண் ஒருவருக்கு: 1,504 செய்திகள்.

பதில் வராதபோது தன்னிடம்தான் ஏதோ குறை என்று நொந்துகொள்ளும் ஒருவருக்கு இந்த ஆய்வைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். ஏறக்குறைய எல்லோருமே மேலே பார்த்து எழுதும் ஓர் அமைப்பில் ஏறக்குறைய எல்லோருக்கும் மௌனம்தான் அதிகம் கிடைக்கும். அது அமைப்பின் கணக்கு.

எங்கே வழுக்கும்

இவ்வளவு சொன்னபின் இந்தத் தரவு எங்கெல்லாம் நம்மைத் தவறான பக்கம் இழுக்கும் என்பதையும் சொல்ல வேண்டும்.

முதலில், புரொஃபைலில் எழுதியிருப்பது உண்மையா? கேட்டலினா டோமா, ஜெஃப்ரி ஹான்காக், நிக்கோல் எலிசன் மூவரும் 2008-ல் வெளியிட்ட ஆய்வில் இதை நேரடியாகச் சோதித்தார்கள். நியூயார்க்கில் டேட்டிங் தளங்களைப் பயன்படுத்தும் 80 பேரை வரவழைத்து உயரத்தை அளந்தார்கள், எடையைப் பார்த்தார்கள், ஓட்டுநர் உரிமத்தில் வயதைச் சரிபார்த்தார்கள். உயரம், எடை, வயது என்ற மூன்றில் ஒன்றிலாவது உண்மையிலிருந்து விலகியவர்கள் 81 சதவீதம். ஆனால் விலகல் பெரும்பாலும் சின்னது. நேரில் சந்தித்தால் சட்டென்று தெரியாத அளவு. ஆண்கள் உயரத்திலும் பெண்கள் எடையிலும் கைவைத்தார்கள். ஆகவே உயரத்தை வைத்து ஏதாவது ஆராய்ந்தால், புரொஃபைலில் இருப்பது அவர் எவ்வளவு உயரமாகத் தெரிய விரும்புகிறார் என்ற எண் என்று எடுத்துக்கொள்வதே நல்லது. அதுவும் ஆராயத் தகுந்த ஒன்றுதான். பெயரைச் சரியாக வைத்தால் போதும்.

அடுத்து, அங்கே இருப்பவர்கள் யார்? அமெரிக்காவில் பியூ ஆய்வு மையம் 2022-ல் எடுத்த சர்வேயில் வயது வந்தோரில் 30 சதவீதம் பேர் எப்போதாவது டேட்டிங் தளத்தையோ செயலியையோ பயன்படுத்தியதாகச் சொன்னார்கள். 30 வயதுக்குக் கீழே அது 53 சதவீதம். அதாவது இளைஞர்கள் கூடுதல், முதியவர்கள் குறைவு. செயலிக்குச் செயலியும் கூட்டம் மாறும். ஒரு தளத்தில் கண்டதை வைத்து "மக்கள் இப்படித்தான்" என்று எழுதிவிடுவது இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் தவறு. அந்தத் தளத்தில், அந்த ஊரில், அந்த மாதத்தில் இருந்தவர்கள் இப்படி என்பது மட்டுமே நமக்குத் தெரியும்.

மூன்றாவது வழுக்கல்தான் எல்லாவற்றிலும் வலுவானது: அல்காரிதம், அதாவது யாருக்கு யாரைக் காட்டுவது என்று முடிவுசெய்யும் செயலியின் கணக்குமுறை. சற்றுமுன் நாம் பார்த்த 200 பேரைத் திரும்ப நினைத்துப் பாருங்கள். அவர்களை அவர் கண்முன் கொண்டுவந்து வைத்தது யார்? செயலிதான். நேற்று பட்டதாரிகளைத் தேர்ந்தெடுத்தார் என்பதால் இன்று இன்னும் கூடுதலாகப் பட்டதாரிகளைக் காட்டியிருக்கலாம். அப்படியானால் நாம் விருப்பம் என்று அளப்பதில் எவ்வளவு அவருடையது, எவ்வளவு செயலி ஊட்டியது? ஓகேகியூபிட் 2014-ல் தானே வெளியிட்ட ஒரு சோதனை இதைப் பளிச்சென்று காட்டியது. அவர்கள் கணக்கில் 30 சதவீதம் மட்டுமே பொருந்தும் ஜோடிகளிடம் "நீங்கள் 90 சதவீதம் பொருத்தம்" என்று காட்டினார்கள். முதல் செய்தி அனுப்புவதும், பேச்சு தொடர்வதும் கூடியது. பொருத்தம் என்று எழுதிக் காட்டியதே ஒரு தள்ளுவிசையாகிவிட்டது. இந்த விசையைக் கணக்கில் எடுக்காமல் லாக்கைப் படித்தால், வடிவமைப்பாளர் செய்த முடிவை மனித இயல்பு என்று தவறாக எழுதிவிடுவோம். ஆய்வுக் கட்டுரை எதைப் படித்தாலும், 'பயனருக்கு யாரைக் காட்டினார்கள், எப்படித் தேர்ந்தெடுத்துக் காட்டினார்கள்' என்ற தகவல் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இல்லையென்றால் முடிவை அரை மனதோடு மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

நான்காவதாக, கதையின் முடிவு இங்கே இல்லை. கைப்பேசி எண்ணைப் பரிமாறிக்கொண்டதும் இருவரும் வேறு இடத்துக்குப் போய்விடுகிறார்கள். சந்தித்தார்களா, பிடித்ததா, சேர்ந்து வாழ்ந்தார்களா எதுவும் தெரியாது. ஒருவர் கணக்கை மூடிவிட்டார் என்றால் துணை கிடைத்ததால் மூடியிருக்கலாம், சலித்துப்போயும் மூடியிருக்கலாம். தரவில் இரண்டும் ஒரே மாதிரி வெற்றிடம். ஆகவே டேட்டிங் லாக்கை வைத்துக் காதலைப் பற்றிப் பேசுவது சரியில்லை. முதல் அடி பற்றி மட்டும் பேசலாம்.

முடிவைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் மக்களிடம்தான் கேட்க வேண்டும். ஸ்டான்ஃபோர்டின் மைக்கேல் ரோசன்ஃபெல்ட் 2009-ல் தொடங்கிய சர்வே அந்த வகை. ஜோடிகள் எப்படிச் சந்தித்தார்கள், பிறகு சேர்ந்திருக்கிறார்களா என்று அமெரிக்கா முழுக்க இருந்து தேர்ந்தெடுத்தவர்களிடம் கேட்டார்கள். அவர் மற்ற இருவரோடு 2019-ல் வெளியிட்ட கட்டுரையின்படி, 2017-ல் சந்தித்த ஆண்-பெண் ஜோடிகளில் 39 சதவீதம் பேர் இணையம் வழியாகச் சந்தித்தவர்கள். அதற்கு முன் பல பத்தாண்டுகள் முதலிடத்தில் இருந்தது நண்பர்கள் மூலம் அறிமுகமாவது. தூது போகும் வேலையை நண்பர்களிடமிருந்து இணையம் எடுத்துக்கொண்ட ஆண்டு ஏறக்குறைய 2013. லாக்கும் சர்வேயும் ஒன்றுக்கொன்று துணை. ஒன்று தொடக்கத்தை நுணுக்கமாகச் சொல்கிறது, மற்றது முடிவைப் பரவலாகச் சொல்கிறது.

இன்னொன்றையும் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள்: ஆய்வுக்குப் பணம் யார் கொடுத்தது. 2013-ல் 19,131 பேரிடம் எடுத்த ஒரு பெரிய ஆய்வில், இணையத்தில் சந்தித்து மணந்தவர்களிடையே மணமுறிவு சற்றே குறைவு என்று வந்தது. அதற்கு நிதி கொடுத்தது இஹார்மனி என்ற டேட்டிங் நிறுவனம். ஆய்வாளர்கள் அதை மறைக்கவில்லை, சுயேச்சையான புள்ளியியலாளர்களை வைத்துச் சரிபார்க்கவும் செய்தார்கள். அது முறையான நடத்தை. ஆனாலும் படிப்பவர் தெரிந்துகொண்டு படிப்பது நல்லது.

பார்ப்பதும் சோதிப்பதும்

நடந்ததை அப்படியே பார்ப்பது ஒரு வழி. எதையாவது மாற்றிவிட்டு என்ன நடக்கிறது என்று பார்ப்பது இன்னொரு வழி. காரணத்தைக் கண்டுபிடிக்க இரண்டாவதுதான் பலமானது. ரவி பாப்னாவும் மற்ற மூவரும் 2016-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல உதாரணம். ஒரு டேட்டிங் தளத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு லட்சம் பேரை எடுத்து, குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு ஒரு வசதியை இலவசமாகக் கொடுத்தார்கள்: பெயர் தெரியாமல் மற்றவர் பக்கத்தைப் பார்க்கலாம். வசதி கிடைத்தவர்கள் கூச்சமில்லாமல் நிறையப் பக்கங்களைப் பார்த்தார்கள். ஆனால் அவர்களுக்குக் கிடைத்த ஜோடிப் பொருத்தங்கள் குறைந்தன. ஏனென்றால் "இன்னார் உங்கள் பக்கத்தைப் பார்த்தார்" என்ற அறிவிப்பே ஒரு மெல்லிய ஜாடை. வாய்விட்டுச் சொல்லாமல் 'உன்னைக் கவனித்தேன்' என்று தெரிவிக்கும் வழி. பெயர் மறைந்ததும் அந்த ஜாடையும் மறைந்தது. பெண்களிடம் இந்த விளைவு குறிப்பாகத் தெரிந்தது. குலுக்கல் இல்லாமல் வெறும் லாக்கை மட்டும் பார்த்திருந்தால் இதைச் சொல்லியிருக்க முடியாது. காசு கொடுத்து மறைந்து பார்ப்பவர்கள் இயல்பிலேயே வேறு மாதிரி ஆட்கள் என்று ஒருவர் மடக்கிவிடுவார்.

சில ஆய்வாளர்கள் கற்பனையாகப் புரொஃபைல்களை உருவாக்கியும் சோதிக்கிறார்கள். டேவிட் ஓங், ஜூ வாங் இருவரும் சீனாவில் ஒரு தளத்தில் 360 செயற்கைப் புரொஃபைல்களை வைத்து, வருமானத்தை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள். பெண்களின் புரொஃபைல்களுக்கு வருமானம் எதுவானாலும் வருகை ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தது. ஆண்களில் மிக உயர்ந்த வருமானம் போட்டவற்றுக்கு, மிகக் குறைந்தவற்றைப்போல் பத்து மடங்கு வருகை. முறை கச்சிதம். ஆனால் மறுமுனையில் ஒரு நிஜ மனிதர் இல்லாத ஆளைப் பார்த்து நம்பிக்கை வைக்கிறார் என்பதையும் மறக்க முடியாது. இங்கே பக்கத்தைத் திறப்பதோடு அளவை நின்றுவிட்டது. அதைத் தாண்டி ஆய்வாளர் பேச்சுக் கொடுத்து ஆசை காட்டியிருந்தால் என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது.

'பொதுவில் தானே இருக்கிறது' என்ற வாதம்

2016 மே மாதம் டென்மார்க்கைச் சேர்ந்த மாணவர் ஒருவரும் அவரோடு சேர்ந்தவர்களும் ஓகேகியூபிட் தளத்திலிருந்து ஏறக்குறைய 70,000 பேரின் விவரங்களைத் தானியங்கி நிரல் மூலம் அள்ளி, எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் போட்டார்கள். பயனர்பெயர், வயது, பாலினம், ஊர், பாலுறவு விருப்பம் முதல் போதைப் பழக்கம் வரையிலான கேள்விகளுக்கு அவர்கள் தந்த பதில்கள், எல்லாம் அதில் இருந்தன. யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. ஏன் என்று கேட்டபோது வந்த பதில், தரவு ஏற்கனவே பொதுவில் தானே இருக்கிறது என்பது. கடும் எதிர்ப்பு எழுந்தது. தளத்தின் பதிப்புரிமைப் புகாருக்குப் பின் அந்தக் கோப்பு நீக்கப்பட்டது.

இந்த வாதத்தில் எங்கே பிழை என்று நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் முதல் பார்வையில் நியாயம்போலத் தெரியும். ஒருவர் தன் பாலுறவு விருப்பத்தை அந்தத் தளத்தில் எழுதியது, அங்கே துணை தேடி வரும் மற்றவர்கள் படிக்கட்டும் என்றுதான். தன் முதலாளியோ பெற்றோரோ படிக்க அல்ல. பூங்காவில் இருவர் பேசிக்கொண்டிருப்பது பக்கத்து இருக்கைக்குக் கேட்கும். அதைப் பதிவுசெய்து ஊர்முழுக்க ஒலிபரப்பினால் "அவர்கள் பொது இடத்தில்தானே பேசினார்கள்" என்று சொல்லித் தப்ப முடியுமா? ஒரு தகவல் எந்தச் சூழலில், எந்த எதிர்பார்ப்போடு பகிரப்பட்டதோ, அந்தச் சூழலும் தகவலின் ஒரு பகுதி.

பெயரை நீக்கிவிட்டால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது. லட்டான்யா ஸ்வீனி என்ற கணினி அறிஞர் 1990-ன் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை வைத்து ஒன்றைக் காட்டினார். பாலினம், பிறந்த தேதி, அஞ்சல் குறியீடு மூன்றும் சேர்ந்தாலே சுமார் 87 சதவீதம் பேரைத் தனியாகப் பிரித்தறிய வாய்ப்பு உண்டு. டேட்டிங் புரொஃபைலில் மூன்றா இருக்கிறது? முப்பது இருக்கிறது. ஒருவர் தன் கைப்பட எழுதிய ஒரு வாக்கியத்தைத் தேடுபொறியில் போட்டாலே அவர் பக்கம் வந்து நிற்கும். தன்பாலினத்தவர்மேல் வன்முறை நடக்கும் இடங்களில், அல்லது அது சட்டப்படி குற்றமாக இருக்கும் நாடுகளில், இப்படி ஒரு வரி வெளியே வருவது ஒருவரின் உயிரோடு விளையாடுவது. ஐரோப்பாவில் 2018-ல் நடைமுறைக்கு வந்த பொதுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பாலுறவு விருப்பம் பற்றிய தகவலைச் சிறப்புப் பாதுகாப்புள்ள வகையில் சேர்த்திருப்பது இதனால்தான்.

ஒப்புதல் இல்லாமல் திருடப்பட்டு வெளியான தரவைப் பயன்படுத்தலாமா என்ற கேள்வியும் உண்டு. மணமானவர்களின் ரகசிய உறவுகளுக்கென்று நடத்தப்பட்ட ஆஷ்லி மேடிசன் தளத்தின் பயனர் விவரங்களை 2015-ல் ஹேக்கர்கள் வெளியே கொட்டினார்கள். அந்தத் தரவை வைத்து ஆய்வுக் கட்டுரைகள் வந்திருக்கின்றன. ஏற்கனவே வெளியானதுதானே, பயனுள்ள கேள்விக்குப் பயன்பட்டால் என்ன என்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. திருடிய பொருளைக் கொண்டு கட்டுரை எழுதி நல்ல பெயர் வாங்கினால், காயம்பட்டவர்களுக்கு இரண்டாம் முறையும் காயம்தான்.

அப்படியானால் புதிதாக வரும் ஒரு மாணவர் எங்கே தொடங்குவது? நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு லாக் வாங்குவது பெரும்பாலும் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு, அனுபவமுள்ளவர்களோடு சேர்ந்து செய்யும் வேலை. முதல் படியில் அது தேவையில்லை. ரோசன்ஃபெல்ட் குழுவின் சர்வே தரவு அடையாளம் நீக்கப்பட்டு ஆய்வாளர்களுக்காகத் திறந்து வைக்கப்பட்டிருக்கிறது. எப்படிச் சந்தித்தோம் என்று ஜோடிகள் சொன்னதை வைத்து வகை பிரிப்பது எப்படி, ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடுவது எப்படி என்று பழக அதைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது.

இன்னொரு வழி இப்போது வளர்ந்து வருகிறது. அதற்குத் தரவுக் கொடை என்று பெயர் வைக்கலாம். ஐரோப்பியச் சட்டப்படி ஒருவர் தன்னைப் பற்றி நிறுவனம் வைத்திருக்கும் தகவலைக் கேட்டுப் பெறலாம். 2017-ல் பிரெஞ்சுப் பத்திரிகையாளர் ஒருவர் டின்டர் என்ற டேட்டிங் செயலியிடம் அப்படிக் கேட்டபோது அவருக்கு வந்தது சுமார் 800 பக்கம். இப்படித் தாங்களே பெற்ற கோப்பை, எதை நீக்க வேண்டும் என்று தாங்களே பார்த்து, விருப்பப்பட்டு ஆய்வாளரிடம் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். எண்ணிக்கை சிறியதாக இருக்கும், கொடுக்க முன்வருபவர்கள் மற்றவர்களைப் போல இருக்க மாட்டார்கள் என்ற சிக்கலும் உண்டு. மறுபக்கம் பேசியவரின் செய்திகளை நீக்கிவிட்டுத்தான் வாங்க வேண்டும், அவர் சம்மதிக்கவில்லையே. ஆனால் கொடுப்பவரிடம் திரும்பிப் போய்க் கேட்கலாம்: "இந்த ஆளை ஏன் தாண்டிப் போனீர்கள்? கணக்கை ஏன் மூடினீர்கள்?" எத்தனை லட்சம் வரி லாக் இருந்தாலும் அதில் கிடைக்காத பதில் அப்போது கிடைக்கும்.

நீங்கள் ஏதாவது ஒரு செயலியைப் பயன்படுத்தியிருந்தால், உங்கள் கோப்பையே முதலில் கேட்டு வாங்கிப் பாருங்கள். பல செயலிகளில் அமைப்புகள் பகுதியிலேயே அதற்கு வழி இருக்கும். நீங்கள் அனுப்பிய செய்திகள், தேதி வாரியாக ஸ்வைப்களின் எண்ணிக்கை, எப்போதோ எழுதி அழித்த அறிமுக வரி எல்லாம் அதில் இருக்கலாம். பார்த்தது எத்தனை, எழுதியது எத்தனை, பதில் வந்தது எத்தனை என்று ஒரு தாளில் மூன்று பத்தி போட்டு எண்ணத் தொடங்குங்கள்.